பார்க்கப் பழகிய கண்கள்: ஹேட்லி மலையடிவாரத்தில் மூன்று நாள் வேலை

சந்திரனுக்கு மனிதர்கள் போன அப்போலோ பயணங்கள் ஒன்பது. 1968 டிசம்பரில் அப்போலோ 8 தொடங்கிவைத்த வரிசை, 1972 டிசம்பரில் அப்போலோ 17உடன் முடிந்தது. அவற்றுள் ஆறு தரையிறங்கின. 12 பேர் நிலவில் நடந்தார்கள். உலகத்தின் நினைவில் நிற்பதோ முதல் தரையிறக்கத்தின் காலடித் தடமும் கொடியும்தான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் 1969 ஜூலையில் கலத்துக்கு வெளியே இருந்தது சுமார் இரண்டரை மணி நேரம். கலத்தை விட்டு அதிகபட்சமாக விலகிய தூரம் ஏறத்தாழ 60 மீட்டர். இறங்க முடியுமா, உயிரோடு திரும்ப முடியுமா என்று பார்ப்பதே அந்தப் பயணத்தின் வேலை. அதைச் செய்து முடித்தார்கள்.

இறங்கிய பிறகு அங்கே என்ன செய்வது என்ற கேள்விக்கு முழுமையான விடை இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் கிடைத்தது. 1971 ஜூலை 26 அன்று கிளம்பிய அப்போலோ 15, ஜூலை 30 அன்று ஹேட்லி பள்ளத்தாக்குக்கும் அப்பென்னைன் மலைத்தொடருக்கும் நடுவே இருந்த சமவெளியில் இறங்கியது. தலைவர் டேவிட் ஸ்காட்டும் ஜேம்ஸ் இர்வினும் தரையில். ஆல்ஃபிரட் வோர்டன் மேலே தாய்க்கலத்தில். தரையில் இருந்தது கிட்டத்தட்ட 67 மணி நேரம். அதில் பதினெட்டரை மணி நேரத்தை வெளியே வேலையில் கழித்தார்கள்; வண்டியில் சுமார் 28 கிலோமீட்டர் ஓடினார்கள்; 77 கிலோ கல்லும் மண்ணும் கொண்டுவந்தார்கள். எண்களை அடுக்கினால் இது முந்தைய பயணங்களின் பெரிய பதிப்பு என்றே தோன்றும். அந்தப் பயணத்தின் ஆவணங்களைப் படிக்கப் படிக்க எனக்கு உறுதிப்படுவது வேறு. அதில் போன கருவிகளிலேயே நுட்பமானது இரண்டு மனிதர்களின் பார்வை. ராக்கெட்டைத் திட்டமிட்டுக் கட்டியதுபோலவே அந்தப் பார்வையையும் மாதக்கணக்கில் திட்டமிட்டு உருவாக்கினார்கள்.

பார்வை என்பது நிலவில் எளிதில் வசப்படுவதில்லை. 1971 பிப்ரவரியில் அப்போலோ 14இன் ஆலன் ஷெப்பர்டும் எட்கர் மிச்செலும் கருவிகள் ஏற்றிய ஒரு கைவண்டியை இழுத்துக்கொண்டு கோன் என்ற பெரிய குழியின் விளிம்பைத் தேடி மேடேறினார்கள். அங்கே காற்று இல்லை. தொலைவில் இருப்பது மங்கலாகத் தெரிவது என்ற, பூமியில் நாம் அறியாமலே சார்ந்திருக்கும் குறிப்பு அங்கே கிடையாது. மரமோ வீடோ இல்லாததால் எது பெரியது, எது தூரம் என்று சொல்ல வழியில்லை. ஒரு மேட்டைத் தாண்டினால் இன்னொரு மேடு. மூச்சு வாங்கி, நேரம் தீர்ந்து, திரும்பிவிட்டார்கள். பிறகு படங்களை ஒப்பிட்டபோது அவர்கள் விளிம்பிலிருந்து ஏறக்குறைய 30 மீட்டர் தூரத்துக்குள் நின்றிருந்தது தெரிந்தது.

அப்போலோ 15உம் முதலில் அப்படி நடந்தே போகவேண்டிய பயணமாகத்தான் இருந்தது. 1970 செப்டம்பரில் நிதி நெருக்கடியால் நாசா இரண்டு பயணங்களை வெட்டியது. மிச்சமிருந்தவற்றிலிருந்து முடிந்த மட்டும் பயன் பெறவேண்டும் என்பதால், நீண்ட நாள் தங்கலுக்கென வைத்திருந்த மேம்பட்ட கலமும் வண்டியும் அப்போலோ 15க்கு வந்து சேர்ந்தன. வெட்டு விழுந்ததால் ஒரு பயணம் உயர்ந்தது. ஸ்காட்டும் இர்வினும் அதற்கு முன்பே பாறைகளோடு பழகத் தொடங்கியிருந்தது அவர்களின் பேறு.

கலத்தின் எடை கூடியது. லாங் ஐலண்டில் உள்ள க்ரம்மன் நிறுவனம் கட்டிய அந்தத் தரையிறங்கு கலத்தில் எரிபொருள் தொட்டிகளைப் பெரிதாக்கி, இறங்கு எஞ்சினின் கூம்பை 25 சென்டிமீட்டர் நீட்டினார்கள். பக்கவாட்டில் சுமார் 210 கிலோ எடையுள்ள மின்வண்டி மடித்துச் செருகப்பட்டது. இத்தனையையும் தூக்க, சாட்டர்ன் 5 ராக்கெட் பூமியைச் சுற்றிக் காத்திருக்கும் பாதையின் உயரத்தையே 185 கிலோமீட்டரிலிருந்து 166 ஆகக் குறைத்தார்கள். கலத்துக்குள் நாற்காலி கிடையாது. தொடக்க வடிவமைப்பில் இருந்தது, எடுத்துவிட்டார்கள். நின்றால் முகம் கண்ணாடிக்கு அருகில் வரும்; கண்ணாடி சிறிதாக இருந்தாலே போதும்; எடையும் மிச்சம். இரண்டு பேரும் இடுப்பில் கம்பிவடம் மாட்டிக்கொண்டு, பேருந்தில் நிற்பதுபோல நின்றபடியே நிலவில் இறங்கினார்கள்.

அந்த இறக்கத்தில் வேலை பிரிந்திருந்த விதத்தைக் கவனிக்க வேண்டும். இடப்புறம் நின்ற ஸ்காட் வெளியே மட்டும் பார்த்தார். வலப்புறம் நின்ற இர்வின் எண்களை மட்டும் பார்த்து வாசித்தார். ஸ்காட்டின் முன்னிருந்த முக்கோணக் கண்ணாடியின் இரு அடுக்குகளிலும் கோணக் கோடுகள் கீறப்பட்டிருந்தன. இரண்டு அடுக்கின் கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று விழும்படி தலையை வைத்துக்கொண்டால், கணினி சொல்லும் கோண எண்ணுக்கு நேரே எந்த இடம் தெரிகிறதோ அங்கேதான் கலம் இறங்கப் போகிறது. அந்த இடம் பிடிக்கவில்லையென்றால் கைப்பிடியை ஒரு தட்டுத் தட்டவேண்டும். கணினி இலக்கைச் சற்று நகர்த்தும். எம்.ஐ.டி. வடிவமைத்த அந்தக் கணினியின் மாறும் நினைவகம் 2,048 சொற்கள் மட்டுமே. அது கணக்கைச் செய்தது, மனிதர் இடத்தைத் தேர்ந்தார், இன்னொரு மனிதர் இருவருக்கும் நடுவே குரலாக நின்றார்.

மலைத்தொடரைத் தாண்டி இறங்கவேண்டியிருந்ததால் இறங்குகோணம் முந்தைய பயணங்களைவிடச் செங்குத்தாக, 25 பாகை அளவுக்கு இருந்தது. கலம் நிமிர்ந்து தரை கண்ணில் பட்டபோது, பயிற்சியில் பார்த்துப் பார்த்து மனப்பாடமான குழிகள் அங்கே இல்லை. அந்தப் பகுதிக்குக் கிடைத்திருந்த பழைய படங்களில் 20 மீட்டருக்குக் குறைவான எதுவும் தெளிவாகத் தெரியாது. அவற்றை வைத்துச் செய்த மாதிரி நிலப்பரப்பில் மேடு பள்ளங்கள் உண்மையைவிட எடுப்பாக அமைந்துவிட்டன. ஸ்காட் பலமுறை இலக்கை மாற்றினார். கடைசி 20 மீட்டரில் புழுதி எழுந்து தரையை முழுக்க மறைத்தது. கால்களுக்குக் கீழே நீண்டிருந்த உணர்கம்பி தரை தொட்டு விளக்கு எரிந்ததும் எஞ்சினை அணைத்தார். அப்போலோ தரையிறக்கங்களிலேயே வேகமாக மோதி உட்கார்ந்தது இதுதான். ஒரு சிறு குழியின் விளிம்பில், 11 பாகை சாய்ந்து, நீட்டிய எஞ்சின் கூம்பு தரையில் இடித்து நசுங்கியபடி, ஃபால்கன் என்று பெயரிட்ட அந்தக் கலம் நின்றது. குறித்த இடத்திலிருந்து அரைக் கிலோமீட்டர் அளவே விலகல்.

இறங்கியதும் அவர்கள் செய்த முதல் வேலை, எனக்கு மிகவும் பிடித்தது. ஸ்காட் கலத்தின் உச்சியில் இருந்த கதவைத் திறந்து, ஏறு எஞ்சினின் மூடியின் மேல் நின்று, தலையையும் தோளையும் வெளியே நீட்டி, 33 நிமிடம் சுற்றுமுற்றும் பார்த்தார். படம் எடுத்தார், ஒவ்வொரு மலையையும் குழியையும் வாயால் விவரித்தார். புதிய நிலத்துக்குப் போகும் பாறையியலாளர் முதலில் உயரமான இடத்தில் ஏறி முழு நிலத்தையும் பார்ப்பார். சுத்தியலைப் பிறகுதான் எடுப்பார். அந்த வழக்கத்தை நிலவில் கடைப்பிடிக்க வழியில்லாததால் கலத்தையே குன்றாக்கிக் கொண்டார்கள். பிறகு விண்ணுடையைக் கழற்றிவிட்டுத் தூங்கினார்கள். அப்படி நிலவில் உடை கழற்றித் தூங்கியவர்கள் அதற்குமுன் யாரும் இல்லை.

இந்தப் பழக்கங்களை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் கால்டெக் பேராசிரியர் லீ சில்வர். அதற்கு முன் விண்வெளி வீரர்களுக்கு நடந்த பாறைப் பாடம் பெரும்பாலும் வகுப்பறையில், பெயர்களையும் வேதியியலையும் ஒப்பிப்பதாக இருந்தது. விமானிகளுக்கு அதில் மனம் ஒட்டவில்லை. வீரர்களில் ஒரே பாறையியலாளரான ஹாரிசன் ஷ்மிட், தன் பழைய ஆசிரியர் சில்வரை அழைத்து வந்தார். 1969இல் கலிஃபோர்னியாவின் ஒரோகோப்பியா மலைப் பாலைவனத்தில் ஜேம்ஸ் லவல் குழுவினரோடு முதல் சோதனை. அது பலித்ததும் ஸ்காட்டும் இர்வினும் ஏறக்குறைய மாதம் ஒரு முறை என்று களப் பயணம் போகத் தொடங்கினார்கள்: சான் கேப்ரியல் மலை, நியூ மெக்சிகோவில் ரியோ கிராண்டே ஆறு அறுத்த பள்ளத்தாக்கு, ஹவாய், அரிசோனாவின் ஃபிளாக்ஸ்டாஃப். வெறும் கல் பொறுக்குதல் அங்கே செல்லாது. எதிரே இருக்கும் மலையைப் பார்த்து, அடுக்கு எந்தப் பக்கம் சாய்கிறது, எது எதன்மேல் விழுந்திருக்கிறது என்று முதலில் சொல்லவேண்டும். அதை, மலைக்கு அப்பால் கூடாரத்தில் வானொலியை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும் பாறையியலாளர்களுக்குப் புரியும்படி சொல்லவேண்டும். பறக்கும்போது ஹூஸ்டன் கட்டுப்பாட்டு மையத்தில் இருந்து பேசப்போகும் ஜோ ஆலனும் இந்தப் பயிற்சிகளில் இருந்தார். பேசுபவரின் கண்ணும் கேட்பவரின் காதும் ஒரே சொற்களில் பழகின.

அந்தச் சொற்களுக்குப் பின்னால் ஒரு நடைமுறை இருந்தது. கல்லைத் தொடுவதற்கு முன் அதன் அருகே சிறு முக்காலி ஒன்றை வைப்பார்கள். அதன் நடுவே தொங்கும் கோல் நேர்ச்செங்குத்தைக் காட்டும். அதன் நிழல் சூரியன் இருக்கும் திசையைச் சொல்லும். காலில் ஒட்டிய வண்ணப்பட்டை நிறத்துக்கு அளவுகோல். மார்பில் மாட்டிய ஹாசல்பிளாட் கேமராவில் பார்த்துக் குறிவைக்க வசதி கிடையாது. உடம்பைத் திருப்பித்தான் குறி பார்க்கவேண்டும். எடுப்பதற்கு முன் இரு பக்கமிருந்து, எடுத்த பிறகு ஒன்று, பின்னால் வண்டியோ மலையோ தெரியும்படி இன்னொன்று. நீண்ட இடுக்கியால் கல்லை எடுத்து, எண் அச்சிட்ட பையில் போட்டு, எண்ணை உரக்க வாசிக்கவேண்டும். இத்தனையும் முடிந்தால்தான் அந்தக் கல் ஒரு சான்று. இல்லையென்றால் எங்கிருந்தோ வந்த ஒரு கல்.

முதல் நாள் வெளிவேலை முடிந்து திரும்பும் வழியில் ஸ்காட் இந்த விதிகளைக் கொஞ்சம் வளைத்தார். நேரம் ஓடிக்கொண்டிருந்தது, நிற்காமல் வரச்சொல்லி ஹூஸ்டன் அவசரப்படுத்தியது. வழியோரம் தனித்துக் கிடந்த, குமிழ்த் துளைகள் நிறைந்த ஒரு கருங்கல் அவர் கண்ணில் பட்டது. கேட்டால் அனுமதி கிடைக்காது என்று தெரியும். சீட் பெல்ட்டைச் சரிசெய்ய நிற்பதாகச் சொன்னார். அந்த வாரில் உண்மையிலேயே சிக்கல் இருந்தது. காற்றடைத்து விறைத்த உடையோடு உட்கார்ந்தால் வார் எட்டவில்லை. ஒவ்வொரு முறையும் நிமிடங்கள் வீணாயின. அதனால் யாரும் சந்தேகப்படவில்லை. ஸ்காட் இறங்கி முக்காலி வைத்துப் படமெடுத்துக் கல்லை எடுக்கும் வரை, இர்வின் வண்டியில் உட்கார்ந்தபடி அருகிலிருந்த குழிகளை ஹூஸ்டனுக்கு வர்ணித்துக்கொண்டிருந்தார். பூமிக்கு வந்தபிறகே குட்டு வெளிப்பட்டது. 15016 என்று எண்ணிட்ட அந்த பசால்ட் கல் ஏறக்குறைய 900 கிராம். வயது 330 கோடி ஆண்டுகளுக்குக் குறையாது. ஹேட்லி சமவெளியை நிரப்பிய எரிமலைக் குழம்பில் எவ்வளவு வாயு கரைந்திருந்தது என்பதற்கு அதன் துளைகள் சாட்சி. படிந்த ஒழுங்கும் அதை மீறும் துணிவும் ஒரே ஆளிடம் இருந்ததால்தான் அந்தக் கல் கிடைத்தது. அவசரத்திலும் முக்காலியை வைத்துப் படமெடுத்தார் என்பதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

வண்டியைப் பற்றியும் சொல்லவேண்டும். போயிங்கும் ஜெனரல் மோட்டார்ஸின் டெல்கோ பிரிவும் சேர்ந்து கட்டிய அதன் சக்கரங்கள் பியானோக் கம்பியால் பின்னப்பட்டவை. சக்கரத்துக்கு ஒரு மோட்டார், கால் குதிரைத்திறன். கலம் எந்தத் திசையில் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று ஒரு முகப்பு எப்போதும் காட்டிக்கொண்டிருக்கும். வண்டி பழுதாகிவிட்டால் மிச்சமிருக்கும் ஆக்சிஜனில் நடந்தே திரும்ப முடிகிற தூரம்தான் எல்லை. அதனால் எப்போதும் முதலில் மிகத் தொலைவான இடத்துக்குப் போய், வேலை செய்தபடி கலத்தை நோக்கித் திரும்புவார்கள். முதல் நாள் முன்சக்கரத் திருப்பம் வேலை செய்யவில்லை; பின்சக்கரத்தை மட்டும் திருப்பி ஓட்டினார்கள். மறுநாள் அது தானாகவே சரியானது.

ஆகஸ்ட் 1, இரண்டாம் வெளிவேலை. ஹேட்லி டெல்டா மலைச்சரிவில் ஏறினார்கள். ஓரிடத்தில் சரிவு அதிகமாகி, வண்டியின் ஒரு சக்கரம் தரையில் படாமல் தொங்கியது. வண்டி வழுக்கத் தொடங்கியது. இர்வின் அதைக் கையால் பிடித்துக்கொண்டு நிற்க, ஸ்காட் பக்கத்திலிருந்த பாறையில் மாதிரி எடுத்தார். அங்கிருந்து ஸ்பர் என்ற குழியின் விளிம்புக்கு வந்தார்கள். அங்கே புழுதிக் கட்டியின்மேல், யாரோ பீடத்தில் எடுத்துவைத்தது போல, வெளிறிய சிறு கல் ஒன்று உட்கார்ந்திருந்தது. இடுக்கியால் தூக்கிப் புழுதி போகப் பார்த்தபோது படிகத் தளங்கள் வெயிலில் மின்னின. இணை இணையாக ஓடும் நுண்கோடுகளைப் பார்த்ததும் ஸ்காட்டுக்குப் புரிந்துவிட்டது: பிளேஜியோகிளேஸ் என்ற கனிமம், கிட்டத்தட்ட முழுவதும் அதுவே. தேடிவந்தது கிடைத்துவிட்டதாக ஹூஸ்டனிடம் மகிழ்ச்சியோடு அறிவித்தார்.

அதற்கு ஒரு முன்கதை உண்டு. அப்போலோ 11 கொண்டுவந்த மண்ணில் கடுகளவு வெள்ளைத் துணுக்குகள் கலந்திருந்தன. ஸ்மித்சோனியன் வானியற்பியல் ஆய்வகத்தின் ஜான் வுட்டும் உடனிருந்தவர்களும் அவை பெரும்பாலும் பிளேஜியோகிளேஸால் ஆன அனார்த்தோசைட் என்று கண்டார்கள். அப்போலோ 11 இறங்கிய சமவெளியில் பிறக்க வழியில்லாத பாறை. வெகுதூரத்து மேட்டு நிலத்திலிருந்து மோதலில் தெறித்து வந்திருக்கவேண்டும். அப்படியானால் நிலவின் மேட்டு நிலம் முழுவதும் இதனால் ஆனதா? 1970 ஜனவரியில் அவர்கள் முன்வைத்த கருத்து துணிச்சலானது. பிறந்த புதிதில் நிலவின் மேற்பரப்பு முழுக்க உருகிய பாறைக் கடலாக இருந்திருக்கவேண்டும். அது ஆறும்போது எடை குறைந்த பிளேஜியோகிளேஸ் படிகங்கள் மேலே மிதந்து திரண்டு முதல் மேலோடாக உறைந்திருக்கவேண்டும். இதற்கு வலுவான சான்று வேண்டுமென்றால் துணுக்குப் போதாது. கையளவுக் கல் வேண்டும். சான் கேப்ரியல் மலையில் சில்வர் அந்தப் பாறையைக் காட்டி, தொட்டுப் பார்க்கவைத்து, புழுதி மூடினாலும் அடையாளம் காணப் பழக்கியிருந்தார். 269 கிராம் எடையுள்ள அந்த 15415ஆம் மாதிரிக்குப் பத்திரிகைகள் ஆதியாகமப் பாறை என்று பெயர் சூட்டின. வயது 400 கோடி ஆண்டுகளுக்கும் மேல். இடையே நடந்த மோதல்களின் வெப்பம் இத்தகைய பாறைகளின் கடிகாரத்தைக் கலைத்துவிடக்கூடும் என்பதால், சரியான பிறந்த ஆண்டைப் பற்றிய விவாதம் ஓயவில்லை. அது எந்த மேலோட்டின் துண்டு என்பதில் ஐயம் குறைவு.

இந்தப் பாறை நமக்கும் அந்நியமில்லை. நாமக்கல் மாவட்டத்தில் சித்தம்பூண்டி, குன்னமலை ஊர்களைச் சுற்றி அனார்த்தோசைட் கிடைக்கிறது. சந்திரயான் 2இன் இறங்குகலத்தையும் ஊர்தியையும் சோதிக்க நிலவு மண் போன்ற மண் தேவைப்பட்டபோது, வெளிநாட்டிலிருந்து வாங்கினால் செலவு மிகும் என்று, இஸ்ரோ அந்தப் பாறையைப் பொடியாக்கித்தான் பயன்படுத்தியது. 2023 ஆகஸ்டில் இறங்கிய சந்திரயான் 3இன் பிரக்யான் ஊர்தி சுமார் 100 மீட்டர் தூரத்தில் 23 இடங்களில் மண்ணின் தனிமங்களை அளந்தது. தென்துருவத்தை ஒட்டிய அந்த இடத்திலும் மண் பெரும்பாலும் அனார்த்தோசைட் வகையே என்று அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தைச் சேர்ந்த சந்தோஷ் வடவாலே முதலானோர் 2024இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். பாறைக் கடல் நிலவு முழுவதையும் மூடியிருந்தது என்ற கருத்துக்கு அது புது வலு.

கண்ணின் வெற்றியைப் பேசிவிட்டுக் கையின் பாட்டைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. விண்ணுடைக்குள் ஆக்சிஜன் அழுத்தம் வெளியே உள்ள வெற்றிடத்தை எதிர்த்து விறைத்து நிற்கும். ஒவ்வொரு முறை விரலை மடக்கும்போதும் அந்த அழுத்தத்தை வெல்லவேண்டும். மணிக்கணக்கில் செய்தால் முன்கை மரத்துப்போகும். விரல்நுனியில் தொடு உணர்வு வேண்டும் என்று ஸ்காட் கையுறை இறுக்கமாகப் பொருந்தும்படி உடையின் கையைக் குட்டையாக்கச் சொல்லியிருந்தார். அதன் விலையாக, நகங்கள் உறையின் முனையில் ஓயாமல் இடித்து அடியில் இரத்தம் கட்டின. அந்தக் கைகளோடுதான் அவர் நிலத்தைத் துளைத்தார். நிலவின் உள்ளிருந்து வரும் வெப்பத்தை அளக்க மூன்று மீட்டர் ஆழத்தில் உணர்கருவிகளைப் புதைப்பது கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மார்கஸ் லாங்செத் வகுத்த திட்டம். மேலே புழுதியாகத் தெரிந்த மண் கொஞ்ச ஆழத்திலேயே இறுகிக் கிடந்தது; துளைத் தண்டின் இணைப்புகளில் மண் வெளியேற வழியில்லாமல் அடைத்துக்கொண்டது. ஏறத்தாழ பாதி ஆழத்தோடு நிறுத்தவேண்டியதாயிற்று. மண்ணடுக்குகளைக் கலையாமல் எடுத்துவர வேறொரு தண்டை 2.4 மீட்டர் இறக்கினார்கள். அதை மேலே இழுக்க மறுநாள் இருவரும் தோள் கொடுத்துத் தூக்கவேண்டியிருந்தது. அதில் போன நேரத்தால், வடக்கே இருந்த, எரிமலைத் தோற்றம் உடையதாக நினைத்த மேடுகளைப் பார்க்கும் திட்டம் கைவிடப்பட்டது. ஸ்காட்டுக்கு அதில் தீராத வருத்தம். ஆனால் அந்தத் தண்டுக்குள் பல கோடி ஆண்டுகளாகப் படிந்த அடுக்குகள் வரிசை குலையாமல் வந்து சேர்ந்தன. எது பெரிய இழப்பு, எது பெரிய வரவு என்று என்னால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை.

உடம்பும் விலை கொடுத்தது. இர்வினின் உடைக்குள் இருந்த தண்ணீர்ப்பை வேலை செய்யவில்லை. ஏழு மணி நேரம் உழைத்தும் ஒரு வாய் தண்ணீர் இல்லாமல் இருந்தார். தாய்க்கலத்துக்குத் திரும்பிய பிறகு அவருடைய இதயத் துடிப்பு தாளம் தவறியதை ஹூஸ்டன் மருத்துவர்கள் திரையில் பார்த்தார்கள். உடலில் பொட்டாசியம் குறைந்தது காரணமாக இருக்கலாம் என்று கருதி, அடுத்த பயணத்தின் பழச்சாற்றில் அதைச் சேர்த்தார்கள். இர்வினுக்கு 1973இல் மாரடைப்பு வந்தது. 1991இல், 61 வயதில் இறந்தார்.

இனி மேலே இருந்தவரைப் பற்றி. நிலவில் நடக்காத மூன்றாமவரைக் காவலுக்கு உட்கார்ந்தவர் போலப் பேசுவது பெரும் அநியாயம். வோர்டன் தனியாகச் சுற்றிய மூன்று நாட்களில் எண்டெவர் என்ற தாய்க்கலத்தின் பக்கவாட்டில் பொருத்திய கருவிகள் அனைத்தையும் அவர் ஒருவரே இயக்கினார்: தரையில் இரண்டு மீட்டர் அளவுப் பொருளையும் காட்டும் அகலப் படக் கேமரா, வரைபடக் கேமரா, லேசர் உயரமானி, காமா கதிர், எக்ஸ் கதிர் அளவிகள். சூரியனின் எக்ஸ் கதிர் பட்டு நிலவு மண் உமிழும் ஒளிர்வை அளந்தபோது, மேட்டு நிலத்தில் அலுமினியம் கூடுதல், கருஞ்சமவெளிகளில் குறைவு என்று தெரிந்தது. கீழே ஸ்காட் ஒரு கல்லில் கண்டதை மேலே வோர்டனின் கருவி நிலவின் பெரும் பரப்பில் உறுதிசெய்தது. இரண்டும் ஒரே வாரத்தில் நடந்தவை.

வோர்டனின் கண்ணையும் பழக்கியவர் ஒருவர் இருந்தார்: எகிப்தில் பிறந்த பாறையியலாளர் ஃபரூக் எல்-பாஸ். விமானத்தில் பறந்தபடி கீழே தெரியும் நிலத்தைச் சில விநாடிகளில் படித்துச் சொல்லும் பயிற்சியை அவர் கொடுத்தார். லிட்ரோ பகுதிக்கு மேலே போகும்போது, கரிய வளையம் சூழ்ந்த சிறு கூம்புகளை வோர்டன் பார்த்து, எரிமலைச் சாம்பல் கூம்புகளாக இருக்கலாம் என்றார். அடுத்த ஆண்டு அப்போலோ 17ஐ டாரஸ்-லிட்ரோ பள்ளத்தாக்குக்கு அனுப்பியதில் அந்தக் கவனிப்புக்குப் பங்கு உண்டு. ஷ்மிட்டும் யூஜீன் செர்னனும் அங்கே போய்ப் பார்த்தால் ஷார்ட்டி என்ற கரிய குழி எரிமலை வாய் அல்ல. விண்கல் மோதிய குழி. வோர்டனின் ஊகம் அந்த அளவில் பொய்த்தது. ஆனால் அந்தக் குழியின் விளிம்பில் ஷ்மிட் கண்ட ஆரஞ்சு நிற மண், பழைய எரிமலை பீய்ச்சிய கண்ணாடிமணிகளால் ஆனது.

திரும்பும் வழியில், ஆகஸ்ட் 5 அன்று, பூமியிலிருந்து மூன்று லட்சம் கிலோமீட்டருக்கும் அப்பால் வோர்டன் கலத்துக்கு வெளியே வந்தார். கேமராச் சுருள்கள் இருந்த பின்பகுதி பூமியின் காற்றில் எரிந்துபோகும். ஆகவே கைப்பிடிகளைப் பற்றி நகர்ந்து போய், ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீளப் படச்சுருளைக் கழற்றி, கதவருகே நின்ற இர்வினிடம் கொடுத்தார். 40 நிமிடத்துக்குள் வேலை முடிந்தது. ஆழ்வெளியில் அப்படி வெளியேறி வேலை செய்த முதல் ஆள் அவர்.

இத்தனைக்கும் மனிதர் போகத்தான் வேண்டுமா என்ற கேள்வி அன்றே இருந்தது. அதை ஒதுக்க முடியாது. 1970 செப்டம்பரில் சோவியத்தின் லூனா 16, ஆளில்லாமல் போய் 101 கிராம் மண் கொண்டுவந்தது. லூனோகோட் 1 ஊர்தி பத்து மாதங்களில் பத்து கிலோமீட்டருக்குச் சற்று அதிகம் ஓடியது. பிரக்யான் செய்த அளவீடு, ஒரு கருவி நூறு மீட்டருக்குள் எவ்வளவு சொல்ல முடியும் என்பதற்கு அருமையான சான்று. தனிமங்களை அளப்பதில் கருவிக்குக் களைப்பில்லை, இதயம் தாளம் தவறுவதில்லை. ஆனால் ஸ்பர் குழி விளிம்பில் கிடந்த கற்களில் எதைக் குனிந்து எடுப்பது என்பது அளவீட்டுக்கு முந்திய முடிவு. சரிவில் நின்றபடி, நேரம் தீர்ந்துகொண்டிருக்க, சில நொடியில் எடுத்த முடிவு. அதற்கு ஒரு பாலைவன மலையில் மாதக்கணக்கில் நடந்த கால்கள் தேவைப்பட்டன. மனிதரை அனுப்பினால் மட்டும் போதாது, பழக்கி அனுப்பவேண்டும். பழக்காமல் அனுப்புவதானால் கருவியே மேல் என்பது என் உறுதியான எண்ணம்.

அதே ஸ்பர் குழியில் இன்னொன்றும் கிடந்தது. வண்டியை இர்வின் பிடித்துக்கொண்டு நின்ற இடத்துப் பாறையிலேயே பச்சை தட்டியதுபோலத் தெரிந்தது. ஸ்பரில் மண்ணே பச்சையாக இருந்தது. சாம்பல் நிற உலகத்தில் பச்சையா என்று இருவருக்குமே ஐயம். தலைக்கவசக் கண்ணாடியின் தங்கப் பூச்சு கண்ணை ஏமாற்றுகிறதோ என்று விவாதித்தார்கள். விவாதம் தீரவில்லை, ஆனாலும் கண்ட நிறத்தைச் சொல்லிப் பதிவுசெய்து, பையில் போட்டு, எண்ணை வாசித்தார்கள். ஹூஸ்டனில் பிரித்தபோது அது பச்சைதான். 300 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே நிலவின் ஆழத்திலிருந்து ஊற்றாகப் பீய்ச்சிய எரிமலைக் குழம்பு, துளித்துளியாக உறைந்த கண்ணாடிமணிகள். நிலவுப் பாறைகளில் நீரே இல்லை என்று அப்போதைய ஆய்வுகள் முடிவு கட்டியிருந்தன. 2008இல் பிரவுன் பல்கலைக்கழகத்தின் அல்பெர்டோ சாலும் உடனாய்வாளர்களும் புதிய நுண்ணளவிகளால் அந்தப் பச்சை மணிகளையும் ஷார்ட்டியின் ஆரஞ்சு மணிகளையும் சோதித்தார்கள். மணியின் நடுவில் நீரின் கூறுகள் இருந்தன. விளிம்பை நோக்கிப் போகப் போகக் குறைந்தன. வெளியிலிருந்து ஒட்டியிருந்தால் விளிம்பில்தான் அதிகம் இருக்கவேண்டும். அது குழம்பிலேயே கரைந்திருந்து, பீய்ச்சும்போது பெரும்பகுதி ஆவியாகிப் போக, எஞ்சிய மிச்சம். நிலவின் உட்பகுதி வறண்டது என்ற கணக்கை ஆய்வாளர்கள் அதன் பிறகு திருத்தி எழுதத் தொடங்கினார்கள்.